சுடாத மண்

ரேஷன் கடைப் படியில் கால் வைப்பதற்கு முன் ஒச்சாயி அண்ணாந்து பார்க்கிறாள். பின்னால் நிற்பவர்கள் முனகுகிறார்கள். அவள் அவசரப்படுவதில்லை. சன்ஷேடின் அடிப்பக்கம், உத்தரம் சுவரில் உட்காரும் இடம், மூலையில் ஈரம் கோத்த திட்டு என்று கண் ஒரு சுற்று போய்வந்த பிறகுதான் உள்ளே நுழைவாள். வங்கியிலும் இதேதான். சிம்மக்கல்லில் சேலை எடுக்கப் போனால் விரித்துப் போடும் சேலையைப் பார்ப்பதற்கு முன் கடையின் கூரையைப் பார்ப்பாள். ஒருமுறை கடைக்காரர், "மேல ஒண்ணும் தொங்கவிடலம்மா, சரக்கெல்லாம் கீழதான் இருக்கு" என்றார். சிரித்துக்கொண்டே இரண்டடி நகர்ந்து சுவரோரமாக நின்றுகொண்டாள்.

சமயநல்லூரைச் சுற்றி எழும்புகிற வீடுகளில் அவள் சித்தாள். மேஸ்திரி முத்துக்குமரன் எங்கே வேலை எடுக்கிறாரோ அங்கே போவாள். கலவை மிஷினின் வாய்தான் அவள் இடம். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, மூக்கையும் வாயையும் சுற்றிய துண்டு, இமை முடியில் சிமென்ட் தூசி. மூட்டையைத் தொடையில் சாய்த்து, ரம்பப் பிளேடுத் துண்டால் ஒரே கீறலில் வயிற்றைக் கிழித்துக் கவிழ்ப்பாள். கால் விரலிடுக்குகளைச் சிமென்ட் தின்றிருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் புதுக் கூரையின் நிழலில் வட்டமாக உட்காரும்போது, அவள் மட்டும் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு வெயிலுக்குப் போவாள். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மணல் குவியலின் மேல் உட்கார்ந்து தின்பாள்.

ஏன் இப்படி என்று கேட்டால் பெரிய கதை ஒன்றும் சொல்ல மாட்டாள். "நம்ம போட்டதுதான. உள்ள என்னா கெடக்குன்னு நமக்குத் தெரியாதா" என்பாள். பீடித்துண்டு, அறுந்த செருப்பு வார், பாக்குப் பொட்டலம், யாரோ தவறவிட்ட டீ கிளாஸ் எல்லாம் கூரைக்குள் போவதை அவள் பார்த்திருக்கிறாள்.

விழும் என்ற சொல் அவள் வாயிலிருந்து வராது. சொன்னால் பலித்துவிடும். மழை எறங்கும். இலை எறங்கும். பல் விழுந்த பேத்தியைப் பிடித்து வைத்து, "எந்தப் பல்லுடி எறங்குச்சு?" என்று கேட்பாள். சாரத்திலிருந்து ஒருவர் விழுந்து கால் முறிந்தபோதும், "பாவம், மேலருந்து எறங்கிட்டாரு" என்றுதான் ஊரெல்லாம் சொன்னாள். பஸ் படியில் இறங்கியதாக நினைத்துக்கொண்டு சிலர் விசாரிக்கவே போகவில்லை.

அவளுடைய தம்பி அழகுபாண்டி இதற்கு நேர் எதிர். சென்ட்ரிங் வேலை. கூரை போடும் முன் சவுக்குக் கம்புகளை முட்டுக் கொடுத்து நிறுத்தி, தகடு பரப்புவான். காங்கிரீட் இறுகிய பிறகு அதே கம்புகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பிடுங்குவான். அதாவது, ஒரு கூரை முதன்முதலாகத் தன் காலில் நிற்கிறபோது அதன் கீழே இருக்கிற ஒரே மனிதன் அவன்தான். விசில் அடித்துக்கொண்டே செய்வான். அக்காவைப் பற்றி வேலைத்தளத்தில் அவன் சொல்லாத நாள் கிடையாது. "எங்கக்காவ விட்டா ஆகாசத்துக்கும் ரெண்டு முட்டுக் குடுடான்னு சொல்லும்ணே."

சோழவந்தான் ரோட்டில் வெங்கட்ரமணன் வீட்டு வேலை வரும்வரை ஒச்சாயியின் பயம் இப்படி எல்லோருக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது.

வெங்கட்ரமணன் கல்லூரியில் சிவில் இன்ஜினியரிங் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். சிமென்ட் சுடுவதற்கு ஆகிற நெருப்பையும் அதிலிருந்து எழும் புகையையும் பற்றி நெடுநாள் கவலைப்பட்டவர். மண்ணைப் பக்குவமாகச் சுட்டு மாவாக அரைத்தால் சிமென்டில் கால்வாசிக்கு அதையே போடலாம் என்று சோதனைக்கூடத்தில் பல வருஷம் பார்த்தவர். பிறருக்குச் சொன்னதைத் தன் தலைக்கு மேலே போட்டுக் காட்ட வேண்டும் என்பது அவருடைய ஆசை. அந்தப் பக்கத்துச் செம்மண்ணைக் காளவாசலில் சுடவைத்து, அரைத்து, பழைய சிமென்ட் சாக்குகளில் கட்டிக் கொண்டுவந்து இறக்கினார்.

கூடவே சுடாத மண்ணும் சில மூட்டை வந்தது. சுடாமலே போட்டால் என்ன ஆகும் என்று பார்ப்பதற்காக அரைத்துச் சலித்தது. அது சரிப்படவில்லை. அதில் செய்த கட்டிகள் சீக்கிரம் நொறுங்கின. வீணாக்க வேண்டாம், கூரை போட்ட மறுநாள் மேலே தண்ணீர் தேக்கப் பாத்தி கட்டுவீர்களே, அதற்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றார். பார்வைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே சிவப்பு. அதனால் ஜன்னல் கம்பிக்கு வாங்கிய சிவப்புப் பெயின்டைத் தொட்டு, சுட்ட மண் மூட்டைகளுக்கு மட்டும் ஆளுக்கொரு பொட்டு வைத்தார். பொட்டு வைத்த மூட்டை மட்டும்தான் மிஷினுக்குப் போக வேண்டும் என்று முத்துக்குமரன் எல்லோரிடமும் சொன்னார். மூட்டை தூக்குகிற ஒடிசாக்காரர்கள் இருவருக்கும் நெற்றியைத் தொட்டுக் காட்டி விளக்கினார். அவர்கள் தலையாட்டினார்கள்.

ஒச்சாயிக்குப் பிடிக்கவில்லை. சுவரில் மண் இருந்தால் சரி, கூரையில் எதற்கு மண்? தயங்கித் தயங்கிக் கேட்டாள். "மண்ணு கரையுமே சார்?"

அவர் கோபப்படவில்லை. இரண்டு டம்ளரில் தண்ணீர் ஊற்றி, ஒன்றில் சுட்டதையும் மற்றதில் சுடாததையும் போட்டுக் கலக்கிக் காட்டினார். சுடாதது குழைந்து விரலில் ஒட்டியது. சுட்டது ஒட்டாமல் அடியில் போய்ப் படிந்தது. "சுட்டா இது வேற வஸ்து, ஒச்சாயி. சுடலைன்னா வெறும் மண்ணு. அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார். அவர் எதிரில் நின்றிருந்த வரைக்கும் அவள் நம்பினாள்.

கூரை போடுகிற காலை பூசை அவள் பொறுப்பு. எந்த வேலைத்தளத்திலும் அப்படித்தான். பூசணிக்காய் உடைப்பது மேஸ்திரி, பொட்டு வைப்பது ஒச்சாயி. மஞ்சளையும் குங்குமத்தையும் தட்டில் குழைத்துக்கொண்டு புறப்பட்டால் ஒன்றையும் விட மாட்டாள். மிஷின், மிஷினின் சக்கரம், மணல், ஜல்லி, மம்பட்டி, தண்ணீர் டிரம், வாளி என்று எல்லாவற்றுக்கும் வைப்பாள். ஒன்றை விட்டால் அது கோபித்துக்கொள்ளும், கோபித்துக்கொண்டது மேலே போய் என்ன செய்யும் என்று யாருக்குத் தெரியும். அன்றைக்கு மண் கூரை வேறு. வழக்கத்தைவிடக் கவனமாக இருந்தாள். சிமென்ட் மூட்டைகளுக்கு வைத்தாள். மதில் ஓரத்தில் தார்ப்பாய் மூடிய குவியலைப் பார்த்தாள். தார்ப்பாயைத் தூக்கினாள். பொட்டில்லாமல் நெற்றி வெறிச்சென்று கிடந்த அந்த மூட்டைகளுக்கும் ஆளுக்கொரு குங்குமப் பொட்டு வைத்து, தொட்டுக் கும்பிட்டு, திரும்ப மூடினாள்.

சாயங்காலம் சிறுமலைப் பக்கம் கறுத்தது. ஹாலின் ஒரு பகுதி மட்டும் பாக்கி இருந்தது. ஊஞ்சல் மாட்டுவதற்காகக் கம்பியோடு கம்பியாகக் கட்டிய இரும்புக் கொக்கிகள் அங்கேதான் தகட்டைத் துளைத்துக்கொண்டு நின்றன. முத்துக்குமரன் கத்திக்கொண்டிருந்தார். ஒடிசாக்காரர்கள் ஓட்டமும் நடையுமாக மூட்டைகளைக் கொண்டுவந்து போட்டார்கள். ஒச்சாயி கிழித்தாள், கவிழ்த்தாள். கடைசிக் கலவைகள் மிஷினுக்குள் பிசுபிசுவென்று ஒட்டின. தண்ணீர் போதவில்லை என்றாள். "தண்ணிய விடுங்கக்கா, விடுங்க, மழ வரப்போகுது" என்றார் மேஸ்திரி. விட்டாள். மழை நாலு தூறலோடு போய்விட்டது. எல்லோரும் பிரியாணிப் பொட்டலத்தோடு வீட்டுக்குப் போனார்கள்.

மறுநாள் காலை பாத்தி கட்ட அவள் மட்டும் வந்தாள். தார்ப்பாய்க்கு அடியிலிருந்து ஒரு மூட்டையைப் பிரித்து, சட்டியில் அள்ளி, மேலே கொண்டுபோய்த் தண்ணீர் விட்டுப் பிசைந்தாள். பிடிபடவில்லை. உருட்டினால் உடைந்தது, நீட்டினால் உதிர்ந்தது. இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டாள். மணல் மாதிரி விரலிடுக்கில் வழிந்து போயிற்று. டம்ளரின் அடியில் படிந்த மண் நினைவுக்கு வந்தது. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

அந்த மூட்டையின் பொட்டை ஈர விரலால் தேய்த்தாள். போகவில்லை. பெயின்ட். சுட்ட மண். தூறல் போட்ட அவசரத்தில் இடம் மாறி உள்ளே வந்திருக்கிறது. அப்படியானால் இங்கே இருந்தது எங்கே போயிற்று?

மண் மூட்டைகளின் காலிச் சாக்குகளைத் தூறலுக்குப் பயந்து அவளே அள்ளித் தார்ப்பாய்க்குள் திணித்திருந்தாள். இப்போது அவற்றை வெளியே இழுத்தாள். கட்டைவிரலை எச்சிலில் தொட்டு ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டு வந்தாள். பெயின்ட். பெயின்ட். பெயின்ட். பாதிக்கு மேல் தேய்த்தபோது நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கியது. அப்புறம் ஒரு சாக்கில் பொட்டு கட்டைவிரலோடு வந்துவிட்டது. இன்னொன்றிலும் வந்தது. விரலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். நல்ல சிவப்பு. அவள் வீட்டுக் குங்குமம்.

இரண்டு சாக்கையும் மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். மிச்சமிருந்த சுடாத மண்ணை எடுத்துப் பிசைந்தாள். கொழுக்கட்டை மாவு மாதிரித் திரண்டு வந்தது. பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கிவிட்டுப் போனாள்.

யாரிடமும் சொல்லவில்லை. முத்துக்குமரனிடம் சொன்னால் ஒடிசாக்காரர்களைத் துரத்துவார், அவர்கள் பேரில் தப்பில்லை. பொட்டு வைத்ததால் வந்தது என்று தெரிந்தால் இனி ஒருவரும் அவளைப் பூசைத் தட்டைத் தொட விடமாட்டார்கள். வேலைக்கே கூப்பிடுவார்களா என்பதும் சந்தேகம். ஆனால் இதெல்லாம் அப்புறம். சொன்னால் அது காதில் வாங்கிக்கொள்ளும். அதுதான் அவள் வாயை அடைத்தது. தான் கெட்டிருப்பது கூரைக்கு இன்னும் தெரியாது. தெரியாதவரை நிற்கும்.

தினமும் தண்ணீர் ஊற்ற வந்தாள். ஊற்றுவது அவள் வேலை. மேலே ஏறினால் நடுவில் கால் வைக்க மாட்டாள். கீழே சுவர் போகும் தடத்தை மனதில் வைத்துக்கொண்டு, அந்தக் கோட்டின் மேலேயே கயிற்றில் நடக்கிறவளைப் போல நடந்தாள். ஹாலின் பாத்தியில் மட்டும் தண்ணீர் மெல்லிசாக நின்றது. நிறைய ஊற்றினால் பாரம். ஊற்றாவிட்டால் வெடிக்கும். சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நிற்பாள். பிறகு ஒரு சட்டி ஊற்றுவாள். பிறகு அரைச் சட்டியை மொண்டு வெளியே கொட்டுவாள்.

வெங்கட்ரமணன் சில நாள் வந்து பார்ப்பார். சுட்ட மண் கலந்தது மெதுவாகத்தான் பலம் பிடிக்கும், வழக்கத்தைவிட அதிக நாள் முட்டு இருக்கட்டும் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார். ஒச்சாயிக்கு அந்த ஒரு சொல்தான் ஆறுதல். பிறகு அந்த நாளும் வந்தது.

அழகுபாண்டி பின்பக்க அறையிலிருந்து ஆரம்பித்தான். ஆப்பைத் தட்டுவது, கம்பைச் சாய்ப்பது, தகட்டை நெம்புவது. விசில் அறைக்கு அறை நகர்ந்து வந்தது. அவன் எந்த அறையில் இருந்தானோ அந்த அறையின் வாசலில் ஒச்சாயி நின்றாள். "என்னக்கா, காவலுக்கு நிக்கிறியா? போய் டீ போடச் சொல்லு" என்றான். அவள் போகவில்லை. ஹாலுக்கு வந்து, கொக்கிகளுக்குக் கீழே இருந்த கம்பின் ஆப்பில் சுத்தியலை வைத்தான்.

அவள் உள்ளே ஓடிவந்து அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். புதுக் கூரைக்குக் கீழே அக்கா வந்து நின்றதை அவன் அதுவரை பார்த்ததில்லை. விசில் நின்றது.

"வேணாம் தம்பி."

என்ன ஆச்சு என்று கேட்டான். துண்டு துண்டாகச் சொன்னாள். பையிலிருந்து சாக்குகளை எடுத்துக் காட்டினாள். பொட்டுப் போன இடத்தைக் காட்டினாள். மேலே காட்டினாள். சொல்லச் சொல்ல அவன் முகம் மாறியது. அவனை அறியாமலே அவன் கால்கள் வாசலை நோக்கிப் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தன. வெளி வெளிச்சத்துக்கு வந்த பிறகுதான் பேசினான். சத்தம் போடவில்லை.

"இம்புட்டு நாளு இத மடியில வச்சுக்கிட்டுத்தான் இருந்தியா? இன்னைக்கும் என்னய உள்ள விட்டுட்டு வாசல்ல நின்னு பாத்துக்கிட்டு இருந்தியேக்கா."

அவள் சாக்குகளைத் திரும்ப மடித்துக்கொண்டு மதிலோரத்தை நோக்கி நடந்தாள்.

வெங்கட்ரமணன் மதிலோரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவள் சொன்னதைக் கடைசிவரை குறுக்கிடாமல் கேட்டார். குங்குமம் என்ற இடத்தில் மட்டும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். எந்த இடத்தில் போனது என்று கேட்டார். அவள் சொன்னாள். கொக்கிகளைப் பார்த்தார். அன்றைக்கு வேலை போதும் என்று எல்லோரையும் அனுப்பிவிட்டார். மேஸ்திரியிடம் காரணம் சொல்லவில்லை.

அடுத்த நாள், காங்கிரீட்டின் பலத்தை எண்ணாகக் காட்டுகிற, துப்பாக்கி மாதிரி ஒரு கருவியோடு வந்தார். அழகுபாண்டி ஏணியைப் பிடித்துக்கொள்ள, மேலேறி, ஒரு தகட்டை மட்டும் நெம்பிவிட்டு, தெரிந்த இடத்தில் அதை வைத்து அழுத்தினார். டக்கென்றது. எண் பார்த்தார். தள்ளி வைத்து அழுத்தினார். திரும்பவும் முதல் இடத்துக்கே வந்தார். ஒச்சாயி எண்களைப் பார்க்கவில்லை. அவர் கழுத்தில் வேர்வை இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இறங்கி வந்து சொன்னார். மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் குறைச்சல்தான், ஆனால் போதும், வீடு கட்டும்போது தேவைக்கு மேலேதான் போடுவார்கள், அந்த உபரியில் இது அடங்கும், இருந்தாலும் இந்தப் பக்கத்து முட்டு இன்னும் நெடுநாள் இருக்கட்டும். கணக்கெல்லாம் சொன்னார். கடைசியில், "விழாது ஒச்சாயி" என்றார்.

அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

கொஞ்சம் கழித்து, அந்தக் கொக்கிகளை அறுத்துவிடலாமே என்று கேட்டாள். ஊஞ்சல் அவர் மனைவி ஜானுவின் ஆசை. பலகையும் பித்தளைச் சங்கிலியும் வாங்கி வந்து, டவுனில் அவர்கள் இருந்த வாடகை வீட்டுக் கட்டிலுக்குக் கீழே வைத்திருந்தாள். அறுத்தால் ஏன் என்று கேட்பாள்.

"அறுத்துட்டா நானே நம்பலைன்னு ஆயிடும்" என்றார். யாரிடமோ சொல்வதுபோல் இருந்தது.

"அப்ப நீங்க அதுல உக்காந்து ஆடுவீகளா சார்?"

ரோட்டில் சோழவந்தான் பஸ் போனது. அது போய்ச் சத்தம் அடங்கிய பிறகு, "மொதல்ல நான்தான் ஒக்காருவேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஜானுவுக்கு இது தெரிய வேண்டாம்."

முட்டுகள் நின்றன. வெளியே சுவர்ப் பூச்சு முடிந்தது. பின்பக்கம் தரைக்கல் ஒட்டிவிட்டார்கள். ஹாலில் மட்டும் சவுக்குக் கம்புகள் காடு மாதிரி நின்றன. முத்துக்குமரன் சலித்துக்கொண்டார். வேறு வேலைக்குக் கம்பு வேண்டும் என்று அழகுபாண்டியை நச்சரித்தார். அவன், சார் சொல்லட்டும் என்று சொல்லிவிட்டான்.

சார் சொன்ன நாளில் அவன் விசில் அடிக்கவில்லை. வெளியே போ என்று அக்காவிடம் சொன்னான். அவள் வெளியே போகவும் இல்லை, உள்ளே வரவும் இல்லை. நிலைக்கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். ஒவ்வொரு ஆப்பாகத் தளர்த்தினான். ஒன்றைத் தட்டிவிட்டு நின்று கேட்டான். அடுத்ததைத் தட்டினான். கடைசிக் கம்பைச் சாய்த்ததும் தகடு ஒன்று தானாகக் கழன்று தரையில் மோதியது. ஹால் முழுக்கச் சத்தம். ஒச்சாயி கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது தம்பி நின்றுகொண்டிருந்தான். தலையிலிருந்து சிமென்ட் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தான். தூசி போன பிறகும் கை தட்டிக்கொண்டே இருந்தது. அவள் பார்ப்பதைப் பார்த்து, அந்தக் கையைப் பின்னால் வைத்துக்கொண்டான்.

கூரை நின்றது. அடிப்பக்கம் வழுவழுவென்று இருந்தது. ஒரு கொக்கியின் பக்கத்தில் தலைமுடி மாதிரி ஒரு கோடு. தகட்டு ஜாயின்ட் பதிந்த அச்சு என்று அழகுபாண்டி சொன்னான். வெங்கட்ரமணனும் பார்த்துவிட்டு அதையேதான் சொன்னார். ஒச்சாயி தினமும் வேலை தொடங்குமுன் வந்து அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டுப் போனாள். நீளவில்லை. அகலவில்லை. ஒரு நாள் வந்தபோது கூரைக்குப் பூச்சு முடிந்திருந்தது. வெள்ளையாக, ஒரு குறையில்லாமல் இருந்தது. அன்றிலிருந்துதான் அவளுக்குத் தூக்கம் போயிற்று.

பார்க்க முடிந்த வரைக்கும் அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று தெரிந்தது. இப்போது தெரியவில்லை. வேறு வேலைத்தளத்தில் சிமென்ட் மூட்டையைக் கிழிக்கும்போதும் நினைப்பு அங்கேயே இருந்தது. பூசைக்கு இப்போதும் அவளைத்தான் கூப்பிடுகிறார்கள். தட்டை வாங்கிக்கொள்கிறாள். பொட்டு வைக்கப் போனால் கை நின்றுவிடுகிறது. வைப்பதா விடுவதா? வைத்தாலும் பயம், விட்டாலும் பயம். கடைசியில் மிஷினுக்கு மட்டும் வைத்துவிட்டுத் தட்டைக் கீழே வைக்கிறாள். அழகுபாண்டி அக்காவைக் கேலி பேசுவதை விட்டுவிட்டான். டீக்கடைக்குள் நுழையும் முன் அவன் கண்ணும் ஒரு நொடி மேலே போய்வருகிறது. அது அவனுக்குத் தெரியாது. அவள் பார்த்திருக்கிறாள்.

கிரகப்பிரவேசத்துக்கு ஜானு நேரில் வந்து அழைத்தாள். தினம் வந்து தண்ணீர் ஊற்றியவள், நீ வராமல் எப்படி என்றாள். ஒச்சாயி போனாள். வாசலில் மாக்கோலம், வாழைமரம். நிலைப்படியில் நின்று அண்ணாந்து பார்த்தாள். அந்த வீட்டில் அவள் அப்படி நிற்பது யாருக்கும் வினோதமாகப் படவில்லை. கட்டினவள் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஹாலின் நடுவில் ஊஞ்சல் தொங்கியது. பித்தளைச் சங்கிலி பளபளத்தது. பட்டுவேட்டியோடு வெங்கட்ரமணன் அதில் உட்கார்ந்து, பழைய மாணவர்களிடம் கூரையைக் காட்டிப் பேசிக்கொண்டே காலால் உந்தி ஆடிக்கொண்டிருந்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார். ஒச்சாயி அவரைப் பார்க்கவில்லை, கொக்கிகளைப் பார்த்தாள். அப்போது அவர் மகள், "கொஞ்சம் வச்சுக்கோங்கோப்பா" என்று குழந்தை மைத்ரேயியைக் கொண்டுவந்து அவர் மடியில் உட்காரவைத்தாள். பேச்சு நிற்கவில்லை. ஆனால் அவர் கால் தரையில் ஊன்றியது. ஊஞ்சல் நின்றது. சற்றுப் பொறுத்து, பேசிக்கொண்டே எழுந்து, குழந்தையோடு ஜன்னல் பக்கம் போய்விட்டார். போகும்போது ஒச்சாயியின் கண்ணும் அவர் கண்ணும் ஒருமுறை சந்தித்தன.

சாப்பாட்டுக்குப் பிறகு ஜானு அவளுக்குச் சேலையும் வெற்றிலைப் பாக்கும் கொடுத்தாள். வெயில் தாழ்ந்த பிறகு போகலாம் என்றாள். ஒச்சாயி சுவரோரமாகத் தரையில் உட்காரப் போனாள். ஜானு விடவில்லை. கையைப் பிடித்து இழுத்தாள்.

"தரையில என்ன? இது நீ போட்ட கூரைதானே. வா, ஊஞ்சல்ல ஒக்காரு. ஒக்காந்துதான் ஆகணும்."

எல்லோரும் பார்த்தார்கள். சிரித்தார்கள். ஜன்னல் பக்கம் குழந்தையோடு நின்றவர் மட்டும் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தை அவர் கையிலிருந்து இறங்கி ஓடிவந்து ஊஞ்சலில் தொற்றி ஏறியது. அதன் பாரம் எவ்வளவு இருக்கும். ஒச்சாயி குழந்தையைத் தூக்கித் தன் இடுப்போடு அணைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகப் பலகைமேல் உட்கார்ந்தாள்.

"ஆட்டு" என்றது குழந்தை.

அவள் சிரித்த முகமாக இருந்தாள். சேலைக்குள் இரண்டு குதிகாலும் புதுத் தரைக்கல்லில் அழுந்தியிருந்தன. ஆயுசெல்லாம் சாந்துச் சட்டி சுமந்த தொடைகள் அவளையும் குழந்தையையும் தாங்கிக்கொண்டிருந்தன. உட்கார்ந்தது போலத்தான் இருந்தது. பித்தளைச் சங்கிலி இறுகவே இல்லை.